உப்பு வண்டிகளை எண்ணியவர்கள்

நெடும்பயணத்தில் குழந்தைகளை எப்படிச் சலிப்பின்றி வைத்திருப்பது என்ற கேள்வி மோட்டார் வாகனத்தோடு பிறந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். கார் வந்தது, கோடை விடுமுறைப் பயணம் வந்தது, 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்ற குரல் பின்னிருக்கையிலிருந்து கிளம்பியது. அதற்கு விடை சொல்லப் பாட்டுப் பெட்டியும், படக்கதையும், கடைசியாகக் கைப்பேசியும் வந்து சேர்ந்தன. வரலாறு இவ்வளவுதான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் சங்கப் பாடல்களைச் சற்றே கவனமாகப் படித்தால் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வயதாகிறது என்பதும், அன்று சொல்லப்பட்ட விடைகள் இன்றைய விடைகளைவிட எளியவை அல்ல என்பதும் புலப்படும்.

சங்கப் பாடல்களில் தொலைதூரம் போகும் வண்டி என்றால் முதலில் நினைவுக்கு வருவது உமணரின் உப்பு வண்டி. கடற்கரையில் விளைந்த உப்பை ஏற்றிக்கொண்டு, உள்நாட்டு ஊர்களில் நெல்லுக்கு மாற்றியபடி, காடும் மேடும் கடந்து வரிசையாகச் சென்றவர்கள் அவர்கள். அந்த வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டியை விரிவாகக் காட்டுகிறது. அதன் முன்பக்கத்தில் காடி வைத்த கலம் தொங்குகிறது. ஆண்கள் மாற்றெருதுகளோடு பக்கத்தில் நடக்கிறார்கள். எருதை ஓட்டுகிறவளோ குழந்தையை உடைய ஒரு பெண். புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், வண்டியின் அடியில் கட்டிய 'சேம அச்சு' ஒன்றைச் சொல்லுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு உமணர் முன்கூட்டியே கட்டிவைத்த உதிரி அச்சு அது. இன்று காரின் பின்னால் கிடக்கும் ஸ்டெப்னியின் மூதாதை என்று அதைக் கொள்ளலாம்.

உதிரி அச்சைக்கூட மறவாமல் பாட்டில் வைத்த புலவர்கள் அவ்வண்டியில் போன குழந்தைகளை மறந்திருப்பார்களா? மறக்கவில்லை. சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி வருகிறது. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார், திண்டிவனத்தைச் சார்ந்த ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய நூல் அது. பாண்டியனின் கொற்கையைச் சிறப்பிக்கும்போது, உமணரின் வண்டி வரிசையோடு ஒரு மந்தி வந்ததைக் கவிஞர் சொல்லுகிறார். அவர்கள் பிள்ளைகளைப் போலவே அதுவும் வளர்ந்திருக்கிறது. அந்த மந்தி, கொற்கைக் கரையில் கிடைத்த முத்துகளைக் கிளிஞ்சலின் வயிற்றுக்குள் இட்டு மூடி, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. 'கிலுகிலி' என்பதே அங்கு வரும் சொல்.

கொற்கையின் செல்வத்தைக் காட்டும் பகுதி அது என்று உரைகாரர்கள் வழியில் நாம் படித்துவிட்டுப் போகிறோம். விலைமதிப்பற்ற முத்து, குரங்கின் கையில் விளையாட்டுப் பொருளாகிவிட்டது என்பது நயம்தான். ஆயினும் குழந்தை வளர்க்கும் ஒருவர் அவ்வடிகளைப் படித்தால் வேறொன்றும் தென்படும். பல நாள் நீளும் பயணம். பொழுது போகாத பிள்ளைகள். அவர்களுக்குத் துணையாக ஒரு பிராணி. விளையாட்டுப் பொருளோ வண்டியில் ஏற்றி வந்ததன்று, வந்து சேர்ந்த இடத்தில் கிடைத்த கிளிஞ்சலும் முத்தும். அடுத்த ஊர் மருத நிலத்து ஊராக இருந்தால் கிலுகிலுப்பை வேறொன்றாக மாறியிருக்கும். வழிதான் பொம்மைக் கடை. பயணத்தில் குழந்தையைக் களிப்பிக்கும் செயல் தமிழில் பதிவான மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று என்றே கருதுகிறேன்.

* * *

இனி, இந்தக் கட்டுரைக்குக் களமாக ஒரு சாலையைத் தேர்ந்துகொள்ளலாம். திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில், தென்பெண்ணையின் கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. பெயரிலேயே மூங்கிலும் ஆற்றுத்துறையும் ஊரும் அடங்கியிருக்கின்றன. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுள் ஒன்று இங்கே இருப்பதால் அரவைப் பருவத்தில் ஊரெங்கும் பாகு வாசனை. தென்மேற்கே கல்வராயன் மலை. வடமேற்கே, 1958இல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணை. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரத்திலிருந்து பிரிந்த பகுதி இது. சுற்றுலா நூல்களில் இடம்பெறும் ஊர் அன்று. அணைக்கும் மலைக்கும் போகிற கார்கள் கடந்துபோகும் ஊர். ஆனால் ஆற்றுப்படைப் புலவர்களுக்கு இப்பக்கம் நன்கு பழகிய வழி.

இங்கிருந்து வடமேற்கே இருக்கும் செங்கம்தான் மலைபடுகடாத்தின் செங்கண்மா. நன்னன் என்னும் குறுநில மன்னனைக் காணப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லும் நூல் அது, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர் உண்டு. எந்த இடத்தில் பாறை வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அதன் நடுவில் ஓரிடத்தில் நின்று, மலையில் கேட்கும் ஓசைகளை மட்டும் வரிசைப்படுத்துகிறார். அருவியின் ஓசை, வேங்கைப் பூவைக் கண்டு 'புலி புலி' என்று கூவும் பெண்களின் ஓசை, குட்டியைப் பள்ளத்தில் தவறவிட்ட மந்தியின் அழுகை, தேன் எடுத்த கானவர் ஆரவாரம், குறவர் ஆடும் குரவை, யானைப் பாகரின் கலப்பு மொழி, கிளி கடியும் ஓசை, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு என அப்பட்டியல் நீளுகிறது. தின்று மிஞ்சிய பலாப்பழத்தின் கொட்டைகளைப் பிரிப்பதற்காகக் கன்றுகளை அதன்மேல் ஓட்டி மிதிக்க வைக்கும் சிறுவர்களின் கூச்சலும் அதில் உண்டு. மழை பொழிவதுபோல் ஆலைதோறும் கரும்பின் கணு நெரிபடும் ஓசையும் உண்டு.

மலைபடுகடாம் என்ற பெயரே மலையில் பிறக்கும் ஓசையிலிருந்து எழுந்ததென்பர். இந்த வரிசையை ஓர் இலக்கிய உத்தி என்று மட்டும் கொள்ளாமல், வழிநடையின் பயிற்சி என்றும் பார்க்க முடியும். கூத்தர் தம் பெண்டிரோடும் சுற்றத்தோடும் நடப்பவர்கள். நடக்கிறவர்களின் காதுக்கு வேலை கொடுத்தால் காலின் நோவு குறையும். 'அது என்ன சத்தம், சொல் பார்க்கலாம்' என்பது எந்தத் தாயும் எந்தக் குழந்தையிடமும் கேட்கக்கூடியது. மூங்கில்துறைப்பட்டில் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டால் கரும்பு நெரிபடும் ஓசை இன்றும் கேட்கும். மழைபோல் அன்று, ஆலை இயந்திரத்தின் இரைச்சலாக. செங்கண்மா நாட்டுப் புலவர் கேட்ட ஓசையின் வழித்தோன்றல் அது என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல முடிவது சிறிய செல்வம் அன்று.

* * *

அதே தென்பெண்ணை கிழக்கே ஓடித் திருக்கோவிலூரை அடைகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்று மக்கள் வழங்குகிறார்கள். பாரி இறந்தபின் அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்று ஊர்ஊராக அழைத்துச் சென்ற கபிலர், இறுதியில் அடைக்கலப் பெண்ணை மலையமானிடம் ஒப்படைத்துவிட்டு இங்கே உயிர் நீத்தார் என்று, முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று திருக்கோவிலூர்க் கோயிலில் சொல்லுகிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்காலத்தவை. புறநானூற்றில் அவர்கள் 'பாரி மகளிர்' மட்டுமே.

அந்தப் பயணத்தின் ஒரு நாளைக் கபிலர் 116ஆம் பாட்டில் எழுதியிருக்கிறார். பறம்பைவிட்டு வந்த பெண்கள் ஓர் எளிய குடிலில் தங்கியிருக்கிறார்கள். சுற்றிலும் பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. பொழுது போக்க வேறொன்றும் இல்லாத அவர்கள், ஈந்தின் இலை குவிந்த குப்பைமேட்டில் ஏறி நின்று, தொலைவில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். கபிலருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஏனெனில் இதே பெண்கள் தந்தையின் உயர்ந்த மலைமேல் ஏறி நின்று, பாரியின் அருமை தெரியாமல் போருக்கு வந்த வேந்தரின் பொன்னணிந்த குதிரைகளை எண்ணியவர்கள்.

போகிற வண்டியை எண்ணுவது உலகமெங்கும் குழந்தைகள் ஆடும் மிக எளிய ஆட்டம். அதற்குப் பொருள் தேவையில்லை, துணை தேவையில்லை, சாலை ஒன்று இருந்தால் போதும். அந்த எளிய ஆட்டத்தை வைத்தே ஒரு நாட்டின் வீழ்ச்சியைக் கபிலர் சொல்லி முடித்துவிடுகிறார். எண்ணுகிறவர்கள் அவர்களே, எண்ணும் பழக்கமும் அதுவே, ஏறி நின்ற மேடும் எண்ணப்பட்ட பொருளும் மாறிவிட்டன. குழந்தை எதை எண்ணுகிறது என்பதைக் கவனித்தால் அது எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு பின்வந்த காலங்களைப் பார்க்கலாம்.

* * *

வழிப்பயணத்துக்கென்றே பிறந்த கதை வடிவம் ஒன்று இந்திய மரபில் உண்டு. பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில், தோளில் ஏறிய வேதாளம் அரசனிடம் தான் கதை சொல்வதன் நோக்கத்தைக் கூறும்போது 'அத்வ விநோதம்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. வழிநடைக்கான பொழுதுபோக்கு என்று பொருள். தமிழில் விக்கிரமாதித்தன் கதையாக அது வீட்டுக்கு வீடு பரவியது. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமா மாதந்தோறும் ஒரு வேதாளக் கதையைக் கொண்டுவந்து, பேருந்திலும் ரயிலிலும் பயணம் செய்த பல தலைமுறைக் குழந்தைகளின் மடியில் கிடந்தது. அந்த இதழ் இன்று இல்லை. கதையின் அமைப்பு மட்டும் கவனிக்கத் தக்கது. வேதாளம் வெறுமனே கதை சொல்லி முடிப்பதில்லை. முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. கேட்பவன் வாய் திறந்தாக வேண்டும். திறந்தால் பயணம் முதலிலிருந்து தொடங்கும். கேட்பவனை உறங்க விடாத கதை அது.

வினாவும் விடையுமான இந்தப் பழக்கத்துக்குத் தமிழில் இன்னும் பழைய வேர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியல், யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் ஆகிய ஏழையும் வைக்கிறது. பிசி என்பதே விடுகதை. பாட்டுக்கும் நூலுக்கும் கொடுத்த இருக்கையை இலக்கண ஆசிரியர் விடுகதைக்கும் கொடுத்திருக்கிறார் என்பதை நம் பாடத்திட்டங்கள் மறந்துவிட்டன. கட்டை வண்டி மணிக்கு இரண்டு மூன்று மைல் போகும். திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ இரவெல்லாம் போகிற வண்டியில், வைக்கோல்மேல் படுத்திருக்கும் பிள்ளைகளிடம் பாட்டி அவிழ்த்துவிட்ட விடுகதைகள் பெரும்பாலும் அவ்வழியில் கண்ணுக்குப் படுகிறவற்றைப் பற்றியவை: பனை, கிணறு, நிலவு, மின்மினி, வண்டியின் சக்கரம். விடை வெளியே நின்றுகொண்டிருக்கும். பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

பெரியவர்களுக்கும் இதுபோன்ற ஒன்று இருந்தது. கால்நடையாகத் தலயாத்திரை போவோர் பாடிய வழிநடைச் சிந்து என்பது தனியொரு வகையாகவே வளர்ந்தது. வழியில் வரும் ஊர், சோலை, சத்திரம், கோபுரம் ஆகியவற்றைக் கூட வருபவருக்குக் காட்டிக்கொண்டே போவது அதன் அமைப்பு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும், ஊற்றுமலையிலிருந்து கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்ற பயணத்தோடு தொடர்புடையதே. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் புகைவண்டியும் சிந்துப் பாட்டுக்குப் பொருளாயிற்று. வாகனம் மாறினாலும் 'அதோ பார்' என்று சுட்டும் விரல் மாறவில்லை.

* * *

பேருந்தும் காரும் வந்தபின் இந்த விரலுக்கு ஓரளவு புதிய வேலை கிடைத்தது. மைல்கல் என்ற ஒன்றே ஒரு தலைமுறையின் கணக்குப் பள்ளிக்கூடம். ஒரு மைலுக்கு எட்டுப் பர்லாங்கு. இரண்டு மைல்கற்களுக்கு நடுவே சிறிய பர்லாங்குக் கற்கள். 1956ஆம் ஆண்டின் நிறுத்தல் அளவைச் சட்டத்துக்குப் பிறகு மைல் மெல்லக் கிலோமீட்டரானது. தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள் தலை, மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சைத் தலை. நடுவில் 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எண்ணிட்ட குட்டைக் கற்கள். அடுத்த எண் என்ன என்று முன்கூட்டிச் சொல்லுகிறவன் வென்றவன். இருபுறமும் வெள்ளைப் பட்டை அடித்து எண் எழுதிய புளியமரங்கள். மரத்துக்கு ஏன் எண் என்று கேட்ட குழந்தைக்கு, அம்மரங்களின் புளி ஆண்டுதோறும் ஏலம் போகிறது என்ற பொருளாதாரப் பாடமும் சேர்ந்து கிடைத்தது.

எதிரே வரும் வண்டியின் எண்ணைப் படிப்பது மற்றொரு விளையாட்டு. டிஎன் 25 என்றால் திருவண்ணாமலை, 29 தருமபுரி, 31 கடலூர், 32 விழுப்புரம் என்று மனப்பாடமாகத் தெரிந்த சிறுவர்கள் அந்நாளில் தெருவுக்கு ஒருவர் இருந்தனர். ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் படித்துப் பெயரின் கடைசிப் பகுதியைச் சேர்ப்பது இன்னொன்று. தண்டராம்பட்டு, மூங்கில்துறைப்பட்டு என்று 'பட்டு' ஒரு குவியல். தானிப்பாடி ஒரு பக்கம். மணலூர்பேட்டை, தியாகதுருகம், சங்கராபுரம் என்று பேட்டையும் துருகமும் புரமும் தனித்தனி. யார் குடியேறினார்கள், எங்கே சந்தை கூடியது, எங்கே கோட்டை இருந்தது என்ற வட்டார வரலாறு அந்த ஈற்றுச் சொற்களில் கிடக்கிறது. குழந்தைக்கு அது தெரியவேண்டியதில்லை. முதலில் சேர்த்துவைக்கட்டும், பொருள் பிறகு வரும்.

பாட்டும் இருந்தது. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர்கள், அந்த ஆட்டத்தை அப்படியே வண்டிக்குள் கொண்டுவந்தார்கள். எழுத்தைப் பிடித்துப் பாட்டைத் தொடங்குவது அந்தாதி மரபுக்குத் தூரத்து உறவு. 1957 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரின் நீண்ட இருக்கையில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார முடிந்ததால், பாட்டியின் பழைய பாட்டுக்கும் பேரனின் புதுப் பாட்டுக்கும் ஒரே மேடை அமைந்தது. அந்நெருக்கத்தில் பாதுகாப்பு இருந்ததா என்றால் இல்லை. குழந்தைகள் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே பந்துபோல் உருண்டார்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை இருக்கை வாரினாலோ குழந்தைகளுக்கான பிணைப்பினாலோ காக்காவிட்டால் 1000 ரூபாய் அபராதம் என்று விதித்திருப்பது முற்றிலும் நியாயம். பழைய பயணத்தைப் புகழ்வதற்காக அதன் ஆபத்தை மறைக்க வேண்டியதில்லை.

* * *

மாறியது என்ன? முதலில் சாலை மாறியது. 2000க்குப் பின் வந்த நான்குவழிச் சாலைகள் ஊர்களை விலகிச் சென்றன. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் போகிறவர் இன்று தியாகதுருகத்தையும் கள்ளக்குறிச்சியையும் சின்னசேலத்தையும் பார்க்காமலே போய்விடலாம். அகலப்படுத்திய பல சாலைகளில் புளியமரங்கள் வீழ்ந்தன. குளிரூட்டப்பட்ட கார்களில் கண்ணாடி ஏறிவிட்டது, ஓசை அடங்கியது, கரும்புப் பாகின் வாசனைகூட உள்ளே வருவதில்லை. கடைசியில் கைப்பேசி வந்தது. எட்டுமணி நேரப் பயணத்தில் அழுகிற குழந்தையிடம் அதைக் கொடுக்கும் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன். ஓட்டுகிறவரின் கவனம் சிதறாமல் இருப்பது எல்லாருடைய உயிருக்கும் தேவை.

ஆனால் உடலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டி நகர்கிறது என்று உட்காது சொல்லும். அருகில் அசையாமலிருக்கும் திரையையோ புத்தகத்தையோ பார்க்கும் கண் நகரவில்லை என்று சொல்லும். இரண்டும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளை இது அதிகம் தாக்குவதாக மருத்துவம் கூறுகிறது. தொலைவில் பார் என்பதே அதற்கு முதல் மருந்து. இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. பாட்டியின் 'அதோ பார்' என்னும் விரலுக்கு இப்படி ஓர் உடலியல் நியாயமும் இருந்திருக்கிறது.

திரையிலும் கதை வருகிறது, பாட்டு வருகிறது, புதிர்கூட வருகிறது. மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் கிலுகிலுப்பைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு. கொற்கையில் கொற்கையின் முத்து. செங்கத்தில் செங்கத்தின் ஓசை. திரையில் ஓடுவது மூங்கில்துறைப்பட்டிலும் அதுதான், மும்பையிலும் அதுதான். குழந்தை ஊரைக் கடக்கிறது. ஊர் குழந்தையைக் கடப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் 116ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். வண்டி எண்ணும் இடம் வந்தபோது, வழக்கமாகப் பேசாத மாணவி ஒருத்தி, "நாங்களும் எண்ணியிருக்கிறோம் ஐயா" என்றாள். அவள் தென்பெண்ணைக் கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு வெளியூர் போய்விடுவார்களாம். ஆயாவுடன் தங்கிய அவளும் தம்பியும் மாலையில் சாலையோரம் உட்கார்ந்து ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளை எண்ணுவார்கள். டிராக்டர் வேகம் தணியும் திருப்பத்தில் மற்றப் பிள்ளைகள் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவார்கள், இவர்கள் ஓடமாட்டார்கள். நூறு வண்டி போனால் அம்மா வருவாள் என்று தம்பிக்கு ஆயா சொல்லியிருந்தாள். "தொண்ணூறு வந்தால் நான் வேண்டுமென்றே தப்பாக எண்ணுவேன் ஐயா. நூறு ஆகிவிட்டால் தம்பி அழுவான்" என்றாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அன்று அந்தப் பாட்டுக்கு நான் உரை சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

பாரி மகளிர் வண்டியில் இருந்தவர்கள் அல்லர். சாலையோரம் நின்றவர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயணக் களிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் வண்டிக்குள் இருக்கும் குழந்தையை மட்டும் நினைக்கிறோம். உமணர் பிள்ளை கிலுகிலுப்பையோடு வண்டியில் போகிறான். அதேபோன்ற ஒழுகையை மேட்டில் நின்று ஒருத்தி எண்ணுகிறாள். சங்க இலக்கியத்தில் இரு குழந்தைகளுமே இருக்கிறார்கள். வண்டிக்குள் இருக்கும் குழந்தை தலையைத் தூக்கி வெளியே பார்த்தால்தான் இருவரின் கண்ணும் ஒரு நொடியாவது சந்திக்க முடியும். கையசைக்க முடியும். தன் வயதில் ஒருத்தி கரும்புச் சோகைக்கு நடுவே நிற்கிறாள் என்று அதற்குத் தெரியவரும். 'அவள் ஏன் அங்கே நிற்கிறாள்?' என்று அது கேட்கும்போது, வேதாளத்தின் கேள்விகளைவிடக் கடினமான ஒன்றுக்குப் பெற்றோர் விடை சொல்ல வேண்டியிருக்கும். விடை தெரியாமல் தடுமாறினாலும் கேடில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் வளர்ந்துவிடுவதுதான் கேடு.

பெரிய மாற்றங்கள் எதையும் இதற்காகப் பரிந்துரைக்கப் போவதில்லை. திருவண்ணாமலை தாண்டித் தெற்கே வரும்போது ஓர் அரைமணி நேரம் போதும். கண்ணாடியைச் சற்று இறக்கலாம். ஊர்ப்பலகையின் கடைசிச் சொல்லைக் குழந்தையைப் படிக்கச் சொல்லலாம். பாலத்தின்மேல் போகும்போது, கருநாடகத்து நந்தி மலையில் பிறந்து சாத்தனூரில் தேங்கி வரும் இந்த ஆறு, கீழே திருக்கோவிலூரில் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது என்று சொல்லலாம். அந்தப் பாறையின் கதையைப் பிள்ளை கேட்டால், வண்டி எண்ணிய இரண்டு பெண்களிலிருந்து தொடங்கலாம். அரவைப் பருவமாக இருந்தால் எதிரே கரும்பு வண்டிகள் வரும். எண்ணச் சொல்லுங்கள். சாலையோரத்திலும் யாரேனும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.